வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க

மே மாதக் கடைசி வாரத்தில் என் கடையில் உட்கார இடம் இருக்காது. கோவில்பட்டியில் 19 வருஷமாகப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேண்டும் என்று எல்லா அம்மாக்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். சொல்வதும் எல்லாரும் ஒன்றுதான்: "வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க." அதைச் சொன்ன வாயாலேயே அடுத்த ஐந்து நிமிஷத்தில் பிள்ளையை நாலு தடவை திட்டியும் விடுவார்கள். நிமிர்ந்து நில்லு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க. போன வருஷம் எப்படி இருந்த பிள்ளை, இப்ப பாருங்கக்கா.

நான் டாக்டர் இல்லை, டீச்சரும் இல்லை. என்னிடம் இருப்பது அளவு நோட்டு. சில பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பில் தொடங்கி பன்னிரண்டு வரை வருஷா வருஷம் அளவு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூத்தவள் பிளஸ் டூ, சின்னவன் ஒன்பதாவது. அவர்களிடம் நான் செய்த தப்புகளையும் நோட்டில் பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறிலிருந்து ஒன்பது வரை

இந்த வயதில் நோட்டில் பெரிய அதிசயம் இருக்காது. வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை இஞ்ச் வளர்வார்கள், பல் விழுந்து முளைக்கும், அவ்வளவுதான். டேப்பை இடுப்பில் சுற்றினால் கூச்சம் தாங்காமல் சிரிப்பார்கள். பிரச்சினை என்று வந்தால் இரண்டுதான்: கோள் சொல்வது, சின்னச் சின்னப் பொய்.

கோள் சொல்கிறான் என்று கவலைப்பட வேண்டாம். எது நியாயம், எது நியாயமில்லை என்று உரசிப் பார்க்கிற வயது அது. பொய்க்கு ஒரு வழி சொல்கிறேன். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். ஸ்கேல் உடைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு "ஸ்கேலை என்ன செஞ்ச?" என்று கேட்டால், பொய் சொல்ல நாமே இடம் போட்டுக் கொடுக்கிறோம். "ஸ்கேல் உடைஞ்சிருக்கு, என்ன பண்ணலாம்?" என்று ஆரம்பித்தால் பாதிப் பொய் வராது.

இன்னொன்று, தொடுவதற்கு முன் கேட்கப் பழக்குங்கள். நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்கூட "கையைத் தூக்கறியா கண்ணு, நெஞ்சளவு எடுக்கட்டுமா?" என்று கேட்டுத்தான் டேப்பை வைப்பேன். வேண்டாம் என்றால் அம்மாவை எடுக்கச் சொல்லி எண்ணை மட்டும் எழுதிக்கொள்வேன். தன் உடம்பைத் தொட மற்றவர்கள் அனுமதி கேட்க வேண்டும் என்பது எட்டு வயதுக்குள் பிள்ளைக்கு ஏறிவிட்டால், பின்னால் சொல்லித்தர வேண்டிய பல விஷயங்கள் சுலபமாகிவிடும்.

செருப்புதான் முதலில் சொல்லும்

பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் உடம்பு மாறத் தொடங்கும். ஒரே வகுப்பில் இரண்டு பேருக்கு நாலு வருஷ வித்தியாசம் இருக்கலாம், இரண்டுமே சரிதான். "அவ பிள்ளை எவ்வளவு வளர்ந்துட்டான், நீ இன்னும் அப்படியே நிக்கற" என்ற பேச்சைத் தயவுசெய்து கடைக்குள் கொண்டு வராதீர்கள். என் நோட்டில் ஒன்பதாவது வரை வரிசையில் முதலாவதாக நின்ற பொடியன் ஒருவன் பதினொன்றில் அவன் அப்பாவைத் தாண்டினான்.

வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒன்றாக வராது. முதலில் பாதமும் கையும். அப்புறம் கால் நீளும். உடம்பும் தோளும் கடைசியில்தான். அதனால் மூன்று மாதத்தில் ஷூ பத்தவில்லை என்றால் நான் பேன்ட்டின் அடியில் நிறைய மடிப்பு விடுவேன். சட்டைக்கு அந்த வருஷம் அவசரமில்லை. என் பையனுக்கு ஒரே வருஷத்தில் பேன்ட் நீளம் 34இலிருந்து 36½ ஆனது, தோளளவு அரை இஞ்ச்கூடக் கூடவில்லை. அந்த வருஷம் முழுக்க அவன் டம்ளரைத் தட்டிவிட்டான், நிலைப்படியில் தோளை இடித்தான், மாடிப்படியில் தடுக்கி விழுந்தான். "கண்ணு எங்க இருக்கு?" என்று நானும் கத்தினேன். ஒருநாள் நோட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. நேற்று இருந்த நீளத்தில் காலே இல்லை என்றால் எவனும் தடுக்கத்தான் செய்வான். அன்றைக்கே எவர்சில்வர் டம்ளருக்கு மாறினோம். பாதிச் சண்டை போய்விட்டது.

இந்தக் காலத்தில் பசியும் அப்படித்தான். நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வருகிறவனுக்கு பிஸ்கட் பாக்கெட் பத்தாது. அவித்த கொண்டைக்கடலை, முட்டை, மத்தியானச் சோறு எதுவானாலும் வயிறு நிறைகிற மாதிரி இருக்கட்டும். எங்கள் ஊர்க் கடலைமிட்டாயும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது. பள்ளியில் வாரம் ஒரு தடவை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்புச்சத்துக்கு அப்படித்தான் போகும்.

பெண் பிள்ளைக்கு நான் செய்ததும் செய்யக்கூடாததும்

மார்பு அரும்பியதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் மாதவிடாய் வரும். சிலருக்கு முன்னே பின்னே ஆகலாம். அந்த இரண்டு வருஷம் நமக்குக் கிடைக்கிற முன்னறிவிப்பு. ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து இரண்டு மணி நேரம் பள்ளிக் கழிப்பறையில் அழுதேன். என் மகளுக்கு பேடை எடுத்துக் காட்டி, ஜட்டியில் எப்படி ஒட்டுவது, நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், பழையதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும் என்று முன்னாலேயே செய்து பார்க்க வைத்தேன். முதல் இரண்டு வருஷம் தேதி தவறும், அது சகஜம். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு பேட் நனைந்தாலோ டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

தையல்காரியாக ஒரு யோசனை. பெண் பிள்ளைகள் பாவாடைக்கு பாக்கெட் வைக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து நான் கேட்காமலேயே உள்பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வைத்துவிடுவேன், ஒரு பேட் மடித்து வைக்கிற அளவுக்கு. கூலி வாங்குவதில்லை. உங்கள் தையல்காரர் வைக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

இனி நான் செய்த தப்பு. அவள் ஏழாம் வகுப்பில் வயதுக்கு வந்தாள். அன்று சாயங்காலம் துணி கொடுக்க வந்த ரெண்டு பேரிடம், சந்தோஷத்தில்தான், சொல்லிவிட்டேன். பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. அத்தை வேறு சடங்கு வைக்க வேண்டும், மாமன் சீர் வர வேண்டும், ரோட்டு முனையில் போட்டோவோடு ஃபிளக்ஸ் வைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஐந்தாம் நாள் தோசை ஊற்றிக்கொண்டே "நான் அவங்கட்ட சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான்" என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஃபிளக்ஸ் வச்சா நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்றாள். அப்போதுதான் அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரிந்தது. தினமும் ஃபிளக்ஸைத் தாண்டித்தான் பையன்கள் சைக்கிளில் போக வேண்டும்.

வீட்டுக்குள்ளே தண்ணீர் ஊற்றினோம். அத்தைக்காக உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் வந்தன. முட்டையை அவள் குடிக்கவில்லை, களியை மட்டும் தின்றாள். மாமன் பட்டுப் பாவாடை எடுத்து வந்தார். ஃபிளக்ஸ் வைக்கவில்லை. அத்தைக்கு இன்னும் அந்தக் குறை உண்டு, இருக்கட்டும்.

"வயசுக்கு வந்துட்டா, இனி வளர மாட்டா" என்று இரண்டு இஞ்ச்சைக் குறைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் அதற்கு அப்புறமும் இரண்டு மூன்று இஞ்ச் வளர்கிறார்கள், நோட்டில் இருக்கிறது. கூன் போட்டு நிற்கிற பெண் பிள்ளையை நிமிரச் சொல்லித் திட்டுவதைவிட, அளவான உள்ளாடை வாங்கித் தந்து, சட்டைக்கு லைனிங் போடச் சொல்லுங்கள். துணி வழியே எதுவும் தெரியாது என்ற நம்பிக்கை வந்தால் முதுகு தானாக நிமிரும்.

பையன்கள்

பெண் பிள்ளைகளுக்காவது யாராவது ஏதாவது சொல்கிறார்கள். பையன்களிடம் யாரும் பேசுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் தனியாக வந்தான். "அக்கா, சட்டை லூசா தைங்க. ரெண்டு பக்கமும் பாக்கெட் வைங்க, ஃப்ளாப்போட." பள்ளியில் ஒரு பாக்கெட்தான் அனுமதி என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் கையை மடித்து நெஞ்சை மறைத்து நின்ற விதத்தில்தான் புரிந்தது. வளர்கிற வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு மார்புக் காம்புக்கு அடியில் கட்டி மாதிரி வீங்கும், வலிக்கவும் செய்யும். ஹார்மோன் மாற்றம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வருஷத்தில் தானாக வடிந்துவிடும். அவனிடம் அதைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. "உன் வயசில நிறைய பசங்க இப்படித்தான் தைக்கச் சொல்லுவாங்க, ரெண்டு வருஷத்தில சரியாயிடும். பெரிசாகிட்டே போனா மட்டும் டாக்டர்ட்ட காமி" என்று மட்டும் சொல்லி, தடித்த துணியில், ஒரு இஞ்ச் லூசாகத் தைத்துக் கொடுத்தேன். பத்தாவது வரும்போது அவனே "இந்தத் தடவை ஃபிட்டா வேணும்க்கா" என்றான்.

தூக்கத்தில் விந்து வெளியாகி உள்ளாடை நனைவது பற்றியும் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவர் தீப்பெட்டி லோடு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். லீவு நாளில் பையனை மதுரை வரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்று: அவன் போர்வையையும் உள்ளாடையையும் அவனே துவைத்துக் காயப்போட வேண்டும் என்றேன், ஏன் என்று கேட்கவில்லை. வியர்வை நாற்றத்துக்கும் அதே மாதிரிதான். தினம் இரண்டு வேளைக் குளியல், மாற்று பனியன். "நாறுது" என்று எல்லார் முன்னும் சொல்லாதீர்கள். குரல் உடைவதைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். சிரித்தால் வகுப்பில் கையைத் தூக்குவதை நிறுத்திவிடுவான்.

கையில் வேலை கொடுத்துவிட்டுக் கேளுங்கள்

பதின்மூன்று வயதுக்கு மேல் எதிரே உட்கார வைத்து "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பதுதான் பதில். என் வீட்டில் நடந்த பெரிய பேச்சுகள் எல்லாம் பட்டன் தைக்கும்போது நடந்தவை. ஜூனில் வேலை குவிந்தால் இரண்டு பேரும் பட்டன் தைத்துத் தருவார்கள், சட்டைக்கு ஒரு ரூபாய் கணக்கு. ஒரு ராத்திரி ஏழாவது சட்டையோ எட்டாவது சட்டையோ, சின்னவன் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "எம்மா, கணக்குல பதினாறு மார்க். ரேங்க் கார்டுல ஒன் கையெழுத்த நானே போட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு மிஷினை நிறுத்தியிருப்பேன். நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்ததால்தான் அவன் தைரியமாகச் சொன்னான் என்று தோன்றியது. அந்தச் சட்டைக் கை முழுவதும் ஓட்டி முடித்தேன். அப்புறம் கேட்டேன்: "என் கையெழுத்து மாதிரி வந்துச்சா?" "இல்ல, கொம்பு சரியா வரல." ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். மறுநாள் நானும் அவனும் டீச்சரைப் போய்ப் பார்த்தோம், பேச வேண்டியதை அவனே பேசினான். பின்னத்திலேயே தடுமாறுகிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டேப்பை வைத்து அரை, கால், அரைக்கால் இஞ்ச் என்று நான்தான் சொல்லித்தந்தேன். தண்டனை கொடுக்காமல் விட்டேனா என்றால், இல்லை. இரண்டு வாரம் சாயங்கால கிரிக்கெட் இல்லை. சொன்னதற்காகத் தண்டனை இல்லை, கையெழுத்துக்காக மட்டும் என்று பிரித்துச் சொன்னேன்.

எதிர்த்துப் பேசுவது எல்லா வீட்டிலும் உண்டு. ஆசைப்பட்டதை உடனே செய்யச் சொல்கிற பக்கம் மூளையில் சீக்கிரம் சூடாகிவிடுகிறது, நிறுத்தி யோசிக்க வைக்கிற முன்பக்கம் இருபத்தைந்து வயதுவரை பழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டினால் நமக்குத்தான் தெம்பு போகும். முடி வெட்டு, பேன்ட் அடியகலம், அறையில் கிடக்கும் துணி, இதிலெல்லாம் நான் தோற்றுவிடுவேன். மூன்றில் விடமாட்டேன். போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ராத்திரி போன் அறைக்குள் போகக் கூடாது. வண்டிச் சாவி கிடையாது.

வண்டி விஷயத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டுகிறானே என்பான். 18 வயதாகாதவன் ஓட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயிலும் உண்டு. "எத்தனை சட்டை தைக்கணும் கணக்குப் போடு" என்று அவனிடமே நோட்டைக் கொடுத்தேன். கணக்குப் போட்டான். பின்னம் வராத கணக்கு என்பதால் சீக்கிரம் முடித்துவிட்டான்.

தூக்கமும் போனும்

பத்து மணிக்குப் படுக்க வைத்தாலும் பதினொன்றரை வரை புரள்கிறான், காலையில் எழுப்ப முடியவில்லை என்றால் அது சோம்பல் மட்டும் இல்லை. இந்த வயதில் தூக்கம் வரவைக்கிற ஹார்மோன் சுரப்பதே ஒன்று, இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆனால் தேவை குறைவதில்லை. 12 வயது வரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், 13க்கு மேல் எட்டிலிருந்து பத்து. எழுந்ததும் வாசலில் வெளிச்சம் படுகிற இடத்தில் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மத்தியானம் வரை வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு எல்லாப் போனும் கட்டிங் டேபிளுக்கு வந்துவிடும், என்னுடையதும். முதல் வாரம் கஷ்டப்பட்டது நான்தான். ராத்திரி பத்து மணிக்கு டிசைன் படம் பார்க்கிற பழக்கம். மகள் மணிக்கட்டைக் காட்டி நேரம் சொல்லுவாள்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் திட்ட மாட்டேன், முதலில் என்னிடம் வா என்று மிரட்டல் வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். காசு கொடுக்க வேண்டாம், மெசேஜை அழிக்க வேண்டாம், 1930க்கு அழைத்து சைபர் கிரைமில் சொல்லலாம். 1098 குழந்தைகளுக்கான எண், பிள்ளையே நேரடியாக அழைக்கலாம். இரண்டையும் அளவு நோட்டின் பின் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைக்கு வருகிற பிள்ளைகள் யாராவது படித்துவிட்டுப் போகட்டும்.

டேப் காட்டிக்கொடுப்பவை

எல்லாமே வளர்கிற வயது என்று விட்டுவிடவும் கூடாது. நான் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற நாலைந்து விஷயங்கள் உண்டு.

பாவாடை ஓரம் ஒரு பக்கம் இறங்கி நிற்கும். நான் கோணலாக வெட்டவில்லை என்றால் இடுப்பையோ தோளையோ பார்க்க வேண்டும். பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகில் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். முதுகெலும்பு வளைவது வேகமாக வளரும் இந்த வருஷங்களில்தான் அதிகமாகும்.

உயரம் கூடிக்கொண்டே போகும்போது இடுப்பளவு 26இலிருந்து 24க்கு இறங்கக் கூடாது. அதோடு ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கும் வரும். சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டே போகிற பிள்ளையாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

கத்திரி வெயிலில் முழுக்கை கேட்கிற பிள்ளையை நான் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பேன். பல பேருக்கு அது ஸ்டைல்தான், சில பேருக்குக் கையில் காயம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, விளையாட்டு எல்லாம் போய்விட்டது என்றாலும், சாகணும் என்று வேடிக்கையாகச் சொன்னாலும் 14416க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம்.

8 வயதுக்கு முன் பெண் பிள்ளைக்கோ, 9 வயதுக்கு முன் ஆண் பிள்ளைக்கோ மாற்றம் தொடங்கினாலும், பெண்ணுக்கு 13, பையனுக்கு 14 ஆகியும் ஒன்றுமே தொடங்காவிட்டாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இந்த மே மாதம் சின்னவனுக்கு அளவெடுக்கப் போனேன். டேப்பைப் பிடுங்கிக்கொண்டான். திரைக்கு அந்தப் பக்கம் போய் அவனே எடுத்து எண்ணை மட்டும் கத்திச் சொன்னான். பேன்ட் நீளம் 39. சந்தேகமாகத்தான் இருந்தது, எழுதிக்கொண்டேன். வெளியே வந்து, "எம்மா, இப்படி நில்லு" என்று என்னைச் சுவரோரம் நிறுத்தித் தலைக்கு மேல் ஸ்கேலை வைத்து சாக்பீஸால் கோடு போட்டான். பக்கத்தில் அவனுடைய கோடு. முக்கால் இஞ்ச் அவன்தான் மேலே.

"சரி, அந்த மேல் ஷெல்ஃப்ல இருக்கிற நீலத் துணிக்கட்டை எடு. இனிமே ஸ்டூல் போட வேண்டாம்" என்றேன்.